நீருக்குள் நிற்கும் அடிக்கட்டைகள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், இரவு நேரத்தில் ஏரியில் படகு ஓட்டுகிறவர்களுக்கு வரும் ஆபத்தும் அதைத் தடுக்கும் அடையாளங்களும். "பால்மரம் வெட்டுகிறவனுக்கும் செம்பனைக் குலை அறுக்கிறவனுக்கும் ஏரியில் என்ன வேலை, வாத்தியாரே?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். வேலை இல்லைதான். ஆனால் விடுமுறை என்று ஒன்று இருக்கிறதே! சம்பளம் வாங்கிய வாரத்தில் நம் இளைஞர்கள் நாலைந்து பேர் சேர்ந்துகொள்கிறார்கள். தூண்டில், அரிசி, கருவாடு, ஒரு சட்டி என்று மூட்டை கட்டிக்கொண்டு பேராக்கில் உள்ள தெமெங்கோர் ஏரிக்கோ, திரெங்கானுவில் உள்ள கென்யிர் ஏரிக்கோ புறப்பட்டு விடுகிறார்கள். தோமான் மீன் பிடிக்க வேண்டும், செபராவ் பிடிக்க வேண்டும் என்ற ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் போனவர்கள் எல்லாரும் முழுதாக வீடு திரும்ப வேண்டுமல்லவா? அதற்காகவே இந்தப் பேச்சு.

முதலில் ஏரிகளின் பிறப்பைத் தெரிந்துகொள்வோம். தெமெங்கோரும் கென்யிரும் இயற்கையாக உண்டான ஏரிகள் அல்ல. மின்சாரம் எடுப்பதற்காக ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். தெமெங்கோர் அணை 1970களில் எழுந்தது. கென்யிர் அணையின் வேலை 1978இல் தொடங்கி 1985இல் முடிந்தது. அந்த அணையின் உயரம் 155 மீட்டர். ஆற்றுநீர் போக வழியின்றித் தேங்கித் தேங்கி மேலேறியது. பள்ளத்தாக்குகள் மூழ்கின. குன்றுகளின் தலை மட்டும் வெளியே நின்றது. கென்யிரில் இன்று தீவுகள் என்று நாம் பார்க்கும் 340க்கும் மேற்பட்ட திட்டுகள் அந்தக் குன்றுகளின் உச்சிகளே.

அப்படியானால், பள்ளத்தாக்கில் இருந்த காடு என்ன ஆயிற்று? அணை கட்டுமுன் வெட்டி எடுத்தது போக மீதி மரங்கள் நின்றபடியே நீருக்குள் போய்விட்டன. இன்றும் அங்கேதான் நிற்கின்றன.

"இத்தனை ஆண்டுகளில் மக்கிப் போயிருக்காதா?" என்று கேட்பீர்கள். இங்கேதான் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. மரம் மக்குவதற்குக் காற்று வேண்டும். ஆழத்தில் காற்று மிகக் குறைவு. ஆகவே நீருக்குள் இருக்கும் பகுதி பல்லாண்டுகள் கல்லைப்போல் உறுதியாக நிற்கிறது. நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பகுதியோ வெயிலிலும் மழையிலும் உளுத்து, நீர்மட்டத்தின் அருகே முறிந்து விழுந்து விடுகிறது. மிஞ்சுவது என்ன? கண்ணுக்குத் தெரியாத அடிக்கட்டை. நீர்ப்பரப்புக்கு ஒரு சாண் கீழே, ஈட்டிமுனைபோல.

நெடிதுயர்ந்து நிற்கும் மொட்டை மரத்தால் ஆபத்து குறைவு. அதை எவரும் பார்த்து ஒதுங்கிப் போவார்கள். ஒரு சாண் கீழே இருப்பதுதான் ஆளைக் கொல்லும். அதுவும் அணை ஏரியின் நீர்மட்டம் ஒரே அளவில் நிற்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஏறுகிறது, வறட்சியில் இறங்குகிறது. போன மாதம் தடையின்றிப் போய்வந்த வழியில் இந்த மாதம் கட்டை தட்டும். ஆழமறியாமல் காலை விடாதே என்றார்கள் நம் முன்னோர். அணை ஏரியிலோ, நேற்று அறிந்த ஆழம் இன்று உதவாது.

இந்த ஆபத்து நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் 1965இல் அக்கொசொம்போ அணையைக் கட்டினார்கள். அதனால் உண்டான வோல்ட்டா ஏரி, உலகில் மனிதன் உண்டாக்கிய ஏரிகளில் பரப்பால் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அங்கேயும் மரங்கள் நின்றபடியே மூழ்கின. சந்தைக்குப் போகிறவர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிச் சென்ற படகுகள் அடிக்கட்டைகளில் மோதி உடைந்து பல உயிர்கள் போயிருக்கின்றன.

பகலிலேயே இப்படி என்றால் இரவில் எப்படி? ஒரு சிறு கணக்குப் போடுவோம். மோட்டார் படகு மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு வினாடியில் அது ஏறத்தாழ 8 மீட்டர் முன்னேறும். கையில் உள்ள டார்ச்லைட் வெளிச்சத்தில் கட்டை 25 மீட்டர் தூரத்தில் கண்ணில் பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கிடைப்பது மூன்றே வினாடி. அந்த மூன்று வினாடிக்குள் அதைக் கட்டை என்று உணர வேண்டும். எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். படகும் திரும்ப வேண்டும். முடியுமா? நீருக்குள் மூழ்கிய கட்டையாக இருந்தால் அந்த மூன்று வினாடியும் கிடையாது.

ஆகவே இரவில் நம் கண்ணை மட்டும் நம்பிப் பயனில்லை. பகலில் பார்த்தவன் இரவில் வருகிறவனுக்குச் சொல்லி வைக்க வேண்டும். அடையாளம் என்பது இதுதான். முன்பின் அறியாத ஒருவனுக்கு நாம் நீரின்மேல் எழுதி வைக்கும் சொல் அது.

இந்தப் பழக்கம் நம் தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனவர்கள் நம் பெற்றோர்கள். நிரையின் நடுவே குழி விழுந்திருந்தால் என்ன செய்வார்கள்? ஒரு கிளையை ஒடித்து நட்டு, அதில் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டி வைப்பார்கள். ஏன்? தனக்காகவா? குழி இருக்கும் இடம் அவருக்குத்தான் தெரியுமே! நாளை அந்த நிரைக்கு மாற்றாள் வரலாம். அவர் தவறி விழக்கூடாது என்பதற்காக. ஏரியிலும் இதே முறைதான் வேண்டும்.

ஏரிக்கரையில் அனுபவமுள்ள படகோட்டிகள் இருக்கிறார்கள். எந்த வளைவில் எந்தக் கட்டை இருக்கிறது என்பது அவர்களுக்கு உள்ளங்கைபோல் தெரியும். ஆனால் அந்த அறிவு அவர்கள் தலைக்குள் இருக்கிறது. அவர் காய்ச்சலில் படுத்துவிட்டால், அல்லது வேறு ஊருக்குப் போய்விட்டால், அந்த அறிவும் அவரோடு போய்விடுகிறது. அன்று இரவு புதியவன் ஒருவன் படகை எடுக்கிறான். அவனுக்கு யார் சொல்வது?

"சரி, கட்டை உள்ள இடத்தில் ஒரு வெறும் போத்தலைக் கட்டி மிதக்க விட்டால் போதாதா?" என்று கேட்கலாம். இரவில் போத்தல் கண்ணுக்குத் தெரியாது. பகலில் தெரிந்தாலும், அது வலையின் மிதவையா, தூண்டில் கயிறா, குப்பையா, கட்டையா என்று பார்ப்பவனுக்கு எப்படி விளங்கும்? ஒவ்வொருவரும் தம் மனம் போல் ஒரு குறி வைத்தால், குறி இருந்தும் பொருள் இராது. பொருள் விளங்காத குறியால் எத்தனை பெரிய கேடு விளையும் என்பதைக் காட்டக் கடலில் நடந்த ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே டோவர் நீரிணை என்ற குறுகிய கடற்பாதை இருக்கிறது. 1971ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் அங்கே டெக்சாக்கோ கரிபியன் என்ற எண்ணெய்க் கப்பல் இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. மறுநாளே பிராண்டன்பர்க் என்ற கப்பல், நீருக்குள் கிடந்த அந்தச் சிதைவில் மோதித் தானும் மூழ்கியது. அதன்பின் அந்த இடத்தைச் சுற்றி விளக்குக் கப்பலையும் மிதவைகளையும் நிறுத்தினார்கள். அப்படியிருந்தும் பிப்ரவரி 27ஆம் நாள் நிக்கி என்ற மூன்றாவது கப்பல் அங்கேயே மோதியது. அதில் இருந்த 22 பேரும் மாண்டார்கள்.

எண்ணிப் பாருங்கள். விளக்கு இருந்தது; மிதவை இருந்தது; ஆயினும் மூன்றாவது கப்பல் தப்பவில்லை. அந்தக் காலத்தில் உலகில் முப்பதுக்கும் மேற்பட்ட மிதவைக் குறிமுறைகள் வழக்கத்தில் இருந்தன. ஒரு நாட்டில் ஒரு பொருள் தந்த நிறம் இன்னொரு நாட்டில் வேறு பொருள் தந்தது. இதற்கு முடிவு கட்டவேண்டும் என்ற முயற்சிக்கு அந்த விபத்துகள் வேகம் கொடுத்தன. 1980ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தோக்கியோவில் 50 நாடுகளின் கலங்கரை விளக்க அதிகாரிகள் கூடி ஒரே முறைக்கு ஒப்புக்கொண்டார்கள். அமெரிக்கக் கண்டங்களும் ஜப்பான், கொரியா, பிலிப்பீன்ஸ் ஆகிய நாடுகளும், வழியின் இடம் வலம் காட்டும் சிவப்பு பச்சையை மட்டும் மாற்றி வைக்கின்றன. மற்றக் குறிகள் உலகெங்கும் ஒன்றே. நம் மலேசியக் கடலிலும் சிங்கப்பூர்க் கடலிலும் இந்த முறைதான் நடப்பில் இருக்கிறது.

இவற்றில் இரண்டு குறிகளை மட்டும் இன்று நினைவில் வையுங்கள். இரண்டுமே ஏரிக்கும் பொருந்தும்.

முதலாவது, தனித்து நிற்கும் ஆபத்தைக் காட்டும் குறி. சுற்றிலும் ஆழமான நீர். நடுவே ஒரு பாறையோ கட்டையோ நிற்கிறது. அதன்மேல் கறுப்புக் கம்பத்தையோ மிதவையையோ வைப்பார்கள். இடையில் சிவப்புப் பட்டை இருக்கும். உச்சியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கறுப்பு உருண்டைகள். இரவில் வெள்ளை விளக்கு இரண்டிரண்டாகக் கண் சிமிட்டும். இரண்டு உருண்டை, இரண்டு சிமிட்டு. "நான் நிற்கும் இடத்திலேயே ஆபத்து இருக்கிறது; எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போ, என்னை நெருங்காதே" என்பது அதன் பொருள்.

இரண்டாவது, திசை காட்டும் குறி. ஆபத்து ஓர் இடத்தில் மட்டும் இல்லாமல் பரந்து கிடக்கிறது. நூறு கட்டைகள் கொண்ட ஒரு மூழ்கிய காடு என்று வைத்துக்கொள்வோம். அப்போது எந்தத் திசையில் போனால் தப்பலாம் என்று சொல்ல வேண்டும். இந்தக் குறிகளுக்குக் கறுப்பும் மஞ்சளும் நிறம். விளக்கின் சிமிட்டலைக் கடிகாரத்தை வைத்து நினைவில் கொள்ளலாம். கடிகாரத்தில் மூன்று மணி வலப்பக்கம், அதாவது கிழக்கு. கிழக்குக் குறி மூன்று முறை சிமிட்டும். ஆறு மணி கீழே, அதாவது தெற்கு. தெற்குக் குறி ஆறு முறை சிமிட்டி, ஒரு நீண்ட ஒளியோடு முடிக்கும். ஒன்பது மணி இடப்பக்கம், அதாவது மேற்கு. மேற்குக் குறி ஒன்பது முறை சிமிட்டும். வடக்குக் குறி எண்ணிக்கையின்றி விடாமல் சிமிட்டும். கிழக்குக் குறியைக் கண்டால் அதற்குக் கிழக்கே போக வேண்டும். தெற்குக் குறிக்குத் தெற்கே போக வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கரும்பலகையில் கடிகாரம் ஒன்று வரைந்து காட்டினால் போதும். ஐந்து நிமிடத்தில் ஒப்பிக்கிறார்கள். பெரியவர்களால் முடியாதா?

விளக்கு ஏன் சிமிட்ட வேண்டும், நிலையாக எரிந்தால் என்ன என்று ஒரு கேள்வி எழலாம். கரையில் எத்தனையோ விளக்குகள் நிலையாக எரிகின்றன. வீட்டு விளக்கு, கடை விளக்கு, படகு வீட்டு விளக்கு. அவற்றுக்கு நடுவே எச்சரிக்கை விளக்கு தனித்துத் தெரிய வேண்டும். அதனால்தான் அது எண்ணிச் சிமிட்டுகிறது.

விளக்கு வைக்க வசதி இல்லாத இடங்களில் ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டையை ஒட்டலாம். இரவில் காரில் போகும்போது சாலையின் நடுவே பூனைக்கண்போல் ஒளிர்கிறதே, அதைப் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்துக்காரரான பெர்சி ஷா என்பவர் 1934இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதில் விளக்கும் இல்லை, மின்சாரமும் இல்லை. நம் வண்டியின் வெளிச்சத்தையே நம்மிடம் திருப்பி அனுப்புகிறது. அதே வேலையைச் செய்யும் பட்டை கட்டையில் இருந்தால், படகில் உள்ளவரின் டார்ச்லைட் வெளிச்சம் பட்டதும் தூரத்திலிருந்தே மின்னும். செலவும் குறைவு.

குறி வைப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மிதவையைக் கயிற்றில் கட்டிக் கல்லோடு இறக்கினால் முடிந்தது என்று எண்ணக்கூடாது. நீர் ஏறியிருக்கும்போது ஆழம் 10 மீட்டர் என்று வைத்து, 12 மீட்டர் கயிறு கட்டுகிறோம். வறட்சியில் நீர் இறங்கி ஆழம் 4 மீட்டர் ஆகிவிட்டது. இப்போது கயிறு தளர்ந்து, காற்று அடிக்கும் பக்கமெல்லாம் மிதவை 11 மீட்டர் வரை விலகிப் போகும். கட்டை ஓரிடம், குறி வேறிடம்! குறியை நம்பி ஒதுங்கியவன் நேராகக் கட்டையிலேயே மோதுவான். ஆகவே கூடுமானால், வறட்சியில் கட்டை வெளியே தெரியும்போது அதன்மேலேயே உயரமான கம்பத்தைப் பிணைத்துவிட வேண்டும். அல்லது, மிதவையில் உள்ள வளையத்தின் வழியே கயிற்றை விட்டு மறுமுனையில் சிறு எடையைத் தொங்கவிட வேண்டும். நீர் இறங்கினால் எடை கயிற்றை இழுத்துக்கொள்ளும், ஏறினால் விட்டுக்கொடுக்கும். இதை நாம் தனியாகச் செய்யப் புறப்பட வேண்டியதில்லை. ஏரியைக் கவனிக்கும் அலுவலகத்தாரோடும் படகுத்துறைக்காரரோடும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. ஆனால் கட்டையைக் கண்டவர் சொன்னால்தானே அவர்களுக்கும் தெரியும்!

வைத்த குறியைப் பேணுவது அதைவிடப் பெரிய வேலை. சிலர் எச்சரிக்கை மிதவையில் படகைக் கட்டித் தூண்டில் போடுகிறார்கள். கட்டைக்கருகே மீன் கூடும் என்பது உண்மை. ஆனால் படகு இழுக்க இழுக்க மிதவை இடம் பெயர்ந்துவிடும். இன்னும் சிலர் விளக்கையும் பேட்டரியையும் கழற்றிக்கொண்டு போகிறார்கள். கடையில் விற்றால் நாலு காசு கிடைக்கும். ஆனால் அன்று இரவு அந்த விளக்கை எதிர்பார்த்து வருகிற படகில் யார் இருப்பார்கள் என்று அவர் அறிவாரா? விளக்கே வைக்காத இடத்தில் மனிதன் பயந்து மெதுவாகப் போகிறான். விளக்கு இருக்கும் என்று நம்பிய இடத்தில் அது இல்லையென்றால், நம்பிக்கையே அவனைக் கொல்கிறது.

இனி, இரவில் படகில் போகிறவர்கள் கைக்கொள்ள வேண்டிய சில முறைகளைச் சொல்கிறேன்.

முடிந்தவரை பகலிலேயே போய், பகலிலேயே திரும்புங்கள். இரவில் போகவேண்டி வந்தால் அந்த ஏரியை அறிந்த படகோட்டியோடு போங்கள். பகலில் ஒருமுறை அதே வழியில் போய்ப் பார்த்து வையுங்கள். வேகத்தைக் குறையுங்கள், ஆள் நடக்கும் வேகத்தில் தட்டிய கட்டை படகைக் கீறும், முழு வேகத்தில் மோதிய கட்டை படகைப் பிளக்கும்.

படகில் எல்லாரும் உயிர்காப்பு ஜாக்கெட் அணிந்து, வாரை இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். உட்காரும் பலகைக்கு அடியில் கிடக்கும் ஜாக்கெட், படகு கவிழும்போது யாருக்கும் உதவாது. "எனக்கு நீந்தத் தெரியும்" என்று சொல்கிற பிள்ளைக்கும் கட்டிவிடுங்கள். கட்டையில் மோதித் தலையில் அடிபட்டவனுக்கு நீச்சல் எங்கே நினைவு வரும்?

படகின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு, அவற்றோடு வெள்ளை விளக்கு. இதுவும் உலகப் பொது முறை. எதிரே சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் ஒரு படகு நேராக உங்களை நோக்கி வருகிறது என்று பொருள். இருவரும் தத்தம் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். துடுப்புப் போடும் சிறு சம்பானாக இருந்தால் கையில் வெள்ளை டார்ச்லைட் ஒன்றை ஆயத்தமாக வைத்திருந்து, மற்றப் படகு நெருங்குமுன் காட்டுங்கள்.

படகுக்குள் பளிச்சென்ற விளக்கை எரிய விடாதீர்கள். மனிதக் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம்வரை ஆகும். ஒருவர் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தை ஓட்டுகிறவர் முகத்தில் அடித்தால், அந்தப் பழக்கம் நொடியில் போய்விடும்.

எங்கே போகிறோம், எத்தனை பேர், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். தாய்மார்களே, பிள்ளைகள் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். சொன்ன நேரத்துக்கு வரவில்லையென்றால் காத்திருந்து பொழுதைப் போக்காமல், நம் நாட்டில் 999 என்ற எண்ணுக்குத் தகவல் கொடுங்கள்.

தொலைவில் உள்ள ஏரிக்குப் போகாதவர்களுக்கும் ஒரு சொல். பேராக்கிலும் சிலாங்கூரிலும் பல தோட்டங்களுக்கு அருகிலேயே பழைய ஈயக்குட்டைகள் கிடக்கின்றன. மேலே அசையாத நீர், பார்க்க அழகு. ஆனால் கரை படிப்படியாக இறங்காது. இரண்டடி வைத்ததும் மூன்றாவது அடியில் ஆளையே விழுங்கும் பள்ளம் இருக்கலாம். அடியில் கால் புதையும் சேறு. அங்கேயும் மறைந்த ஆபத்து. அங்கேயும் அடையாளம் வேண்டும். உங்கள் தோட்டத்தருகே அத்தகைய குட்டை இருந்து, அதில் எச்சரிக்கைப் பலகை இல்லையென்றால், தோட்டக் குழுவோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ ஒன்றுகூடி உள்ளாட்சி மன்றத்துக்கு எழுதலாம். பலகை பழுதாகி எழுத்து அழிந்திருந்தால் அதையும் எழுதலாம். எழுதத் தயங்குகிறவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். ஆசிரியர்கள் எழுதித் தருவோம்.

நேயர்களே, நீருக்குள் நிற்கும் கட்டையை நாம் அங்கே நடவில்லை. ஆனால் அது இருப்பதை அறிந்த பிறகு வாய்மூடி இருந்தால், அடுத்து வருகிறவனுக்கு நாமும் ஒரு கட்டையாகி விடுகிறோம். ஆகவே ஆபத்தைக் கண்டால் சொல்லுங்கள். எல்லாருக்கும் விளங்கும் குறியாக வைக்கச் சொல்லுங்கள். வைத்த குறியைக் காப்பாற்றுங்கள். இன்றிரவு சோறு உண்ணும்போது உங்கள் பிள்ளைகளிடம், "இரண்டு முறை சிமிட்டும் வெள்ளை விளக்குக்கு என்ன பொருள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சரியாகச் சொன்னால் அடுத்த விடுமுறைக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.